திருப்பத்தில் இரண்டாம் கியர்

மாலையில் விளக்குப் போடும் நேரத்துக்குச் சற்று முன்போ பின்போ அந்தச் சத்தம் கேட்கும். தெருமுனையில் ஒரு மேடு. மேடேறியதும் ஒரு குறுகலான திருப்பம். அந்தத் திருப்பத்தில் மூன்றாம் கியரில் திரும்ப முடியாது, இரண்டுக்கு வந்தாக வேண்டும். மாமனாரின் பழைய கார் இரண்டுக்கு வரும்போது ஒரு செருமல் செருமும். வெகுநேரம் வாய் திறக்காமல் இருந்தவர் பேசப்போகுமுன் தொண்டையைச் சரிசெய்துகொள்வதுபோல, கிர்ரென்று சின்னதாக. பிறகு டொக்கென்று கியர் விழும்.

மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் மாமனார் தலையைத் தூக்குவார்.

"சின்னவ வந்துட்டா."

அதுவரை தட்டைத் தொட மாட்டார். யார் ஊட்டினாலும் வாயை இறுக மூடிக்கொள்வார். சத்தம் கேட்டதும் தானே தட்டை இழுத்துக்கொள்வார். உடனே பெரியவள் எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிடுவாள்.

"குளிக்கிறாளா?"

"ஆமாப்பா, குளிக்கிறா."

வாளி நிரம்பி வழிவதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். பார்வை மங்கியவர், யார் உள்ளே வந்தார்கள், யார் வரவில்லை என்று கவனிக்க மாட்டார். சாப்பிட்ட கையோடு தூக்கம் வந்துவிடும். ஒரு நாள் கழிந்தது என்று பெரியவள் குழாயை மூடுவாள்.

சின்னவள் இறந்து ஒரு மழைக்காலம் முழுதாகக் கடந்திருந்தது.

அந்தக் காரை ஓட்டிவருகிறவன் இந்த வீட்டு மாப்பிள்ளை. சின்னவள் அவனுடைய மனைவி. பெரியவள் அவளுடைய அக்கா. பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் பெரியவளுக்கு இரவு வேலை. பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருவாள். கார் வந்தால்தான் அவள் கிளம்பலாம். ஆக, அந்தச் சத்தம் அப்பாவுக்கு மகள், பெரியவளுக்கு ஷிப்ட் மணி. அவனுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

சின்னவள் ஒருநாள் அலுவலகத்தில் மேசைமேல் தலையைச் சாய்த்தாள். தலைவலி போல என்று பக்கத்தில் இருந்தவர்கள் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள். மூளைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்திருந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கே அவனால் ஆக வேண்டிய வேலை கையெழுத்து மட்டும்தான். காட்டிய இடத்தில் போட்டான். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அப்படித்தான் செய்துவந்தான். காட்டிய இடத்தில், காட்டியபடி. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்கு வேலை. வேதியியல் படித்தவன். குப்பிகளில் வரும் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வான். வேலை ஒரு நாளும் தவறவில்லை. மேலதிகாரி, "உங்க மன உறுதியைப் பாராட்டணும்" என்றார். அது உறுதி இல்லை என்று அவனுக்குத் தெரியும். என்னவென்றுதான் தெரியவில்லை.

மாமனாருக்கு ஏற்கெனவே மறதி பிடித்திருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் கணவனும் மனைவியும் அந்த வீட்டுக்கு வந்தார்கள். சின்னவள் போனபின் அவன் மட்டும் அங்கேயே தங்கிவிட்டான். போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

சின்னவள் இறந்ததை அவரிடம் மூன்று தடவை சொன்னார்கள். மூன்று தடவையும் பெரியவள்தான் சொன்னாள். அவன் கதவோரம் நின்றான். ஒவ்வொரு தடவையும் மனிதர் அப்போதுதான் கேட்பதுபோல் உடைந்துபோனார். அவருக்கு அது அப்போதுதான். விடிந்தால் மறந்துவிடும். "சின்னவ எங்க?" மூன்றாம் தடவை பின்மண்டையைச் சுவரில் மோதிக்கொண்டார். சுண்ணாம்பில் ரத்தம் ஒட்டியது. அதோடு சொல்வதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதும் அவர் சாப்பாட்டை நிறுத்தினார். அவள் வரட்டும் என்று உட்கார்ந்துகொண்டார்.

காரை எடுத்ததில் ஒரு திட்டமும் இல்லை. ஒருநாள் பேருந்துகள் ஓடவில்லை. மாமனார் வாலிபத்தில் வாங்கிய கார், மகள்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. கடைசிவரை ஓட்டிக்கொண்டிருந்தது சின்னவள்தான். அவன் சாவியை எடுத்தான், வேலைக்குப் போனான், திரும்பினான். திருப்பத்தில் வண்டி செருமியது. மேலே ஏறிவந்தால் மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் பேருந்துகள் ஓடின. அவன் காரில்தான் போனான். அதற்கடுத்த நாளும்.

அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, கியர் தகராறு செய்யும் வரை.

"தம்பி, இன்னிக்கு வண்டி செருமல. இருமுது," என்றாள் பெரியவள், செருப்பை மாட்டிக்கொண்டே.

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும் அக்கா."

"வண்டிக்குக் குளிரா? அப்போ ஒரு போர்வை வாங்கிப் போடு." குரலைத் தாழ்த்தினாள். "இரண்டுல விழறதுக்கு முன்னாடி தவிக்குது. விழுந்ததும் வெளிய துப்புது. நான் பஸ்ஸுங்களுக்கு நடுவுல வாழ்றவ, எனக்குத் தெரியாதா? எண்ணெய் செத்துப்போச்சு. மாத்து."

"மாத்தினா சத்தம் போயிடுமா?"

பெரியவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போனா நல்லதுதானே? தினமும் குழாயைத் திறந்துவிடறது நான். உனக்கென்ன, மகராசனா கார்ல வந்து இறங்குற. செத்தவளுக்குக் குளிக்கத் தண்ணி பிடிச்சு வைக்கிறேன் தம்பி நான். அதை யோசிச்சிருக்கியா?"

அவன் யோசித்ததில்லை. சாவியை ஆணியில் மாட்டினான்.

மறுநாள் மதியம் எண்ணெய்க் கடைக்குப் போனான். கடைக்காரர் பருத்த மனிதர். உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்த டின்னையும் எடுக்கும்படி கடையை அமைத்திருந்தார்.

"கியர்பாக்ஸ் எண்ணெயா? என்ன வண்டி?"

சொன்னான்.

"அட, அது இன்னும் உயிரோட இருக்கா! சத்தம் வருதா? கவலையே படாதீங்க. நூத்து நாப்பது நம்பர் இருக்கு. தேன் மாதிரி கெட்டி. ஊத்தினா வண்டி ஊமையாயிடும். விக்கிறவங்க எல்லாம் இதைத்தான் ஊத்தி விப்பாங்க."

"ஊமையாகக் கூடாது."

"என்னது?"

"சத்தம் குறையக்கூடாது. இப்போ இருக்கிற மாதிரியே இருக்கணும். கியர் மட்டும் ஒழுங்கா விழணும்."

கடைக்காரர் கையில் எடுத்த டின்னை மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க கேக்கறது கியர்பாக்ஸுக்கா, கச்சேரிக்கா? முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். சத்தம் போகணும்னு வந்தவங்களைப் பார்த்திருக்கேன். சத்தம் வேணும்னு வந்தவர் நீங்கதான்."

"முன்னாடி எதை ஊத்தினோமோ அதையே குடுங்க."

"அது எது?"

அவன் பையிலிருந்து ஒரு காலி டின்னை எடுத்தான். சின்னவள் எண்ணெய் மாற்றியபோது மிச்சமானது. காரின் டிக்கியில் கந்தல் துணி சுற்றிக் கிடந்தது. கடைக்காரர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இது நம்ம கடைச் சரக்குதான்! ஒரு அம்மா வந்தாங்க, கையெல்லாம் கிரீஸு. 'நாலாம் தரமா, அஞ்சாம் தரமா, எது நல்லது?'ன்னு கேட்டாங்க. நாலைவிட அஞ்சு பெருசுதானேம்மான்னேன். சிரிச்சுட்டு அஞ்சை வாங்கிட்டுப் போனாங்க. பழைய வண்டிக்கு நல்லதா பார்த்துப் போடறேன்னாங்க. உங்க வீட்டம்மாவா? எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க."

அது தானாக வாயிலிருந்து வந்தது. தினமும் வீட்டில் பேசிப் பழகிய பொய், கடைக்கும் கூடவே வந்துவிட்டது. அதே டின்னில் ஒன்றை வாங்கிக்கொண்டான்.

"அவங்களைக் கேட்டதாச் சொல்லுங்க," என்றார் கடைக்காரர்.

பணிமனையின் பின்புறம் பழைய குழி ஒன்று இருந்தது. மேலே வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி நின்று வேலை பார்க்கலாம். புதுக் கொட்டகை வந்தபின் அங்கே யாரும் போவதில்லை. பெரியவள் சொல்லி வைத்து அனுமதி வாங்கியிருந்தாள். அவன் அரை நாள் விடுப்புப் போட்டான். கீழ்வீட்டு டெய்லர், "போயிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்" என்று தைக்க வேண்டிய துணிகளை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து மாமனார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

எண்ணெய் சூடானால்தான் முழுதாக இறங்கும் என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வண்டியைக் குழிமேல் நிறுத்தினான். கீழே இறங்கினான். பெரியவள் மேலே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்பானர்களை எடுத்துக்கொடுத்தாள். கியர்பாக்ஸின் அடிவயிற்றில் ஒரு திருகு. கைவிளக்கை மாட்டிவிட்டு, ஸ்பானரைப் போட்டு இழுத்தான். சிரமமில்லாமல் வந்தது. திருகை விரலால் சுழற்றி எடுத்ததும் எண்ணெய் தட்டில் கொட்டியது. கறுப்பாக, நூல் பிடித்ததுபோல்.

"எண்ணெய் வருதா?"

"வருது."

"மேல் திருகு சுலபமா வந்துச்சா?"

"எந்த மேல் திருகு?"

 மேலே பெரியவள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் குழிக்குள் கேட்டது.

"ஊத்துற வாய் திறக்குதான்னு பாக்காம கீழ திறந்துவிடுவாங்களா யாராவது? படிச்ச புள்ளையா நீ? இப்போ அது திறக்கலன்னா என்ன செய்வ? காலி வயித்தோட வண்டியை நகர்த்த முடியாது. சாயங்காலம் அங்க ஒருத்தர் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு."

அவன் கைவிளக்கைத் திருப்பினான். கியர்பாக்ஸின் பக்கவாட்டில், பாதி உயரத்தில், எண்ணெய் ஊற்றும் துளை. அதை மூடியிருந்த திருகின் முனைகள் மழுங்கி உருண்டை ஆகியிருந்தன. ஸ்பானரைப் போட்டான். வழுக்கியது. இன்னும் அழுத்திப் போட்டான். வழுக்கி, விரல் முட்டி இரும்பில் இடித்தது.

"பிடி இல்ல அக்கா. யாரோ சேராத ஸ்பானரைப் போட்டு முறுக்கியிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ? உன் பொண்டாட்டிதான்."

ஆம், அவள்தான். எதை மூடினாலும் இன்னொருவர் திறக்க முடியாதபடி மூடுவாள். குழாய், பாட்டில், ஜன்னல் தாழ்ப்பாள். "நான் இல்லாத அன்னிக்கு நீ தண்ணி குடிக்காமலே கிடக்கப் போற" என்று சிரிப்பாள். சமையலறையில் மேல் தட்டில் ஒரு சர்க்கரை டப்பா அவள் மூடியபடியே இருக்கிறது. அவன் சர்க்கரை இல்லாமல் டீ குடிக்கப் பழகிவிட்டான்.

எண்ணெய் சொட்டுச் சொட்டாக நின்றது. தட்டைக் கைவிளக்கின் அருகே இழுத்தான். கறுப்புக்குள் என்னவோ மின்னியது. விரலை விட்டு எடுத்தான். விரல் நுனியெல்லாம் பொன்னிறத் துகள். மாவுபோல் நைஸாக, கொஞ்சமல்ல, நிறைய.

மோந்து பார்த்தான். அழுகிய முட்டை வாடை. கந்தகம்.

பரிசோதனைக் கூடத்துப் புத்தி தானாக வேலை செய்தது. பழைய கியர்பாக்ஸில் பித்தளை வளையங்கள் இருக்கும். கியர் மாறும்போது ஓடும் சக்கரத்தை அணைத்துப் பிடித்து, வேகத்தைச் சமப்படுத்தி, சத்தமில்லாமல் பற்களைச் சேர்த்துவைப்பது அந்த வளையங்கள்தான். எஃகுப் பற்கள் நசுங்காமல் இருக்க அஞ்சாம் தர எண்ணெயில் கந்தகச் சரக்கைக் கூட்டிக் கலந்திருப்பார்கள். எஃகுக்கு அது கவசம். பித்தளைக்கு அதுவே அரம். பின்சக்கர அச்சில் ஊற்ற வேண்டியதை அவள் இங்கே ஊற்றிவிட்டாள். நல்லதாகப் பார்த்து ஊற்றிவிட்டாள். அன்றிலிருந்து அது வளையங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. அந்தச் செருமல், தேய்ந்த வளையம் பிடிக்க முடியாமல் நழுவும் சத்தம்.

அவன் விரலை மேலே நீட்டிக் காட்டினான். பெரியவள் குனிந்து பார்த்தாள். அவன் புதிதாக வாங்கி வைத்திருந்த டின்னையும் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இதையேவா திரும்ப ஊத்தப்போற?"

அவன் விரலைத் துணியில் துடைத்தான்.

"ஊத்தினா என்ன ஆகும்? சொல்லு."

"இன்னும் கொஞ்ச நாள் செருமும். அப்புறம் வளையமே இருக்காது. கியர் விழாது."

"எவ்வளவு நாள்?"

"தெரியாது. ஆறு மாசம் வரலாம். ஒரு வருஷம்கூட."

பெரியவள் குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேராகத் தலையைத் தொங்கவிட்டாள்.

"அப்பா முந்தறாரா, கியர்பாக்ஸ் முந்துதான்னு கணக்குப் போடறியா?"

அவன் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். கடையில் டின்னை வாங்கும்போதே போட்டுவிட்டான். இன்னொருவர் வாயால் கேட்கும்போதுதான் அது எப்படிப்பட்ட கணக்கு என்று தெரிந்தது.

பெரியவள் தன் பையிலிருந்து வேறொரு டின்னை எடுத்துக் குழிக்கு அருகில் வைத்தாள். நாலாம் தரம்.

"காலையிலேயே வாங்கிட்டேன். நீ இப்படி ஏதாவது பண்ணுவன்னு தெரியும். இதை ஊத்தினா மிச்சமிருக்கிற வளையம் பிழைக்கும். சத்தம் போயிடும். எது வேணும்னு நீயே பாரு. நான் சொன்னேன்னு நீ செஞ்சதா இருக்கக்கூடாது."

அப்போது அவன் போன் அடித்தது. டெய்லர்.

"தம்பி, கிளம்பிட்டீங்களா? பெரியவர் கேட்டுக்கிட்டே இருக்காரு. நானும் வருவாங்க வருவாங்கன்னு பாட்டா பாடிட்டேன். இப்போ என் அளவு நாடாவைப் பிடிச்சு வெச்சுக்கிட்டாரு. பொண்ணு வந்தாத்தான் தருவாராம். கட்டின கைதி மாதிரி உக்காந்திருக்கேன்."

"இதோ வந்துடறோம் அண்ணே."

முதலில் திருகைத் திறக்க வேண்டும். பெரியவள் கொட்டகைக்கு ஓடி ஒரு ஊதுவிளக்கும் உளியும் கனமான சுத்தியலும் வாங்கிவந்தாள். அவன் திருகைச் சுற்றிலும் இரும்பைச் சூடாக்கினான். உளியைத் திருகின் ஓரத்தில் சாய்வாக வைத்து, திறக்கும் பக்கமாக அடித்தான். அசையவில்லை. மறுபடி சூடு, மறுபடி அடி. வியர்வை கண்ணில் இறங்கியது. "திறடீ," என்றான். சொன்னது திருகிடமா என்று பெரியவள் கேட்கவில்லை. தான் சொன்னது அவனுக்கே கேட்டதாகத் தெரியவில்லை. அடித்துக்கொண்டே இருந்தான். ஒரு அடியில் கீச்சென்று கத்திக்கொண்டு திருகு இம்மியளவு திரும்பியது. அதற்குப் பிறகு வந்துவிட்டது. எண்ணெய் கசியாமல் இருக்கத் திருகின் மரையில் வெள்ளை நாடாவைச் சுற்றுமேல் சுற்றாகச் சுற்றி வைத்திருந்தாள் சின்னவள். அதைப் பிரித்துக்கொண்டு சற்று நேரம் நின்றான். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கீழ்த் திருகுக்குப் புது செம்பு வாஷர் போட்டு இறுக்கினான். அளவாக இறுக்கினான். கைப்பம்பை எடுத்தான்.

"அந்த டின்னைக் குடுங்க அக்கா. உங்களோடதை."

பெரியவள் கொடுத்தாள்.

"அப்பாவுக்கு?"

"சத்தத்தை நான் பார்த்துக்கறேன்."

"எப்படி?"

"கிளட்சைப் பாதி மிதிச்சுட்டுக் கியரைப் போட்டா எந்த வண்டியும் கத்தும். வண்டியும் பிழைக்கும், சத்தமும் இருக்கும்."

 அவன் எண்ணெயை உறிஞ்சி உறிஞ்சித் துளைக்குள் அடித்தான். துளையின் வாயில் வழிந்ததும் நிறுத்தினான். பணிமனையில் கிடைத்த பழைய திருகொன்று பொருந்தியது. அதைப் போட்டு மூடினான். வாங்கி வந்த அஞ்சாம் தர டின் குழி ஓரத்திலேயே கிடந்தது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

வழியெல்லாம் வண்டி வேறு வண்டியாக ஓடியது. சிக்னலில் இரண்டுக்கு வந்தான். தவிப்பு இல்லை, செருமல் இல்லை. நெம்புகோல் தானே இடம் தெரிந்து போய் உட்கார்ந்தது. பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நல்லா விழுது," என்றாள், மனமில்லாமல்.

மேடு வந்தது. ஏறினான். திருப்பத்தில் கிளட்சைப் பாதிதான் மிதித்தான். நெம்புகோலை இரண்டை நோக்கித் தள்ளினான்.

கர்ர்ர்ரக்.

கருமான் பட்டறையில் தகரத்தைக் கிழிப்பதுபோல் இருந்தது. தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வண்டி குலுங்கி, இரண்டில் விழுந்து, வீட்டு வாசலில் நின்றது. இருவரும் மேலே பார்த்தார்கள். ஒரு குரலும் வரவில்லை.

மாடியேறினார்கள். டெய்லர் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுமுனை மாமனார் கையில். தட்டு மூடியபடியே இருந்தது.

"யாருய்யா அது, வண்டியைப் போட்டு இந்த அரை அரைக்கிறது?"

"நான்தான் மாமா."

"நீயா மாப்ள? உனக்குப் புத்தி ஏதாவது இருக்கா? அவ வண்டி அது. அதுக்குன்னு ஒரு பதம் இருக்கு. அவ கையில அது இப்படிக் கத்தினதே கிடையாது. நீ எடுக்கறேன்னு அவகிட்டக் கேட்டியா?"

"இல்ல மாமா."

"கேட்டுட்டு எடு. என் பொண்ணு சும்மா விடமாட்டா." கழுத்தைத் திருப்பி வாசல் பக்கம் காதைக் கொடுத்தார். "அவ எங்க?"

டெய்லர் தரையைப் பார்த்தார். பெரியவள் வழக்கம்போல் குளியலறைப் பக்கம் நகர்ந்தாள். கை குழாயின்மேல் போய்விட்டது.

"அக்கா, வேணாம்," என்றான் அவன்.

மாமனாரின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். கையில் எண்ணெய் நாற்றம் போகவில்லை. அந்த வார்த்தையை அவன் இதுவரை சொன்னதே இல்லை. போனில் மற்றவர்கள் சொன்னார்கள். அலுவலகத்தில் மற்றவர்கள் சொன்னார்கள். அவனிடம் வந்தவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள்.

"மாமா, சின்னவ செத்துப்போயிட்டா."

அளவு நாடா அவர் கையிலிருந்து நழுவியது. டெய்லர் அதை எடுக்கவில்லை.

"எப்போ?"

"மழைக்கு முன்னாடி."

"மழைக்கு முன்னாடியா? ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

"சொன்னோம் மாமா. அக்கா சொன்னாங்க. உங்களுக்கு மறந்துபோச்சு."

"நான் என்ன பண்ணேன், சொன்னப்போ?"

"அழுதீங்க."

"நல்லா அழுதேனா?"

"நல்லா அழுதீங்க மாமா."

அவர் தலையை ஆட்டினார். செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டவர்போல். பிறகு மங்கிய கண்ணை அவன் குரல் வந்த பக்கம் நிறுத்தினார்.

"நீ?"

அவன் யோசித்துப் பார்த்தான்.

"நான் வண்டி ஓட்டினேன் மாமா."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அழ ஆரம்பித்தார். முன்பு அழுததுபோலவேதான். மறதி அதில் ஒரு சொட்டையும் குறைத்திருக்கவில்லை. பின்மண்டை சுவரில் மோதியது. இரண்டாவது மோதலுக்குள் அவன் எழுந்து, சுவருக்கும் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்தான். திருகில் அடிபட்ட விரல் முட்டி சுண்ணாம்பில் உரசியது. வலித்தது. வலிப்பது நன்றாகத் தெரிந்தது. கையை எடுக்கவில்லை. அவர் மோதிக்கொண்டே இருந்தார். அவன் முகம் நனைந்திருந்ததைப் பெரியவள்தான் பார்த்தாள். அவனுக்கு அது பிறகுதான் தெரிந்தது.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. பெரியவள் வேலைக்குத் தாமதமாகப் போனாள். வாசலில் நின்று, "நாளைக்குக் கேட்டா என்ன பண்றது?" என்றாள்.

"சொல்றேன்."

"நாளன்னிக்கு?"

"கேக்கும்போதெல்லாம் சொல்றேன். நீங்க இனிமே குழாயைத் திறக்க வேணாம்."

காலையில் மாமனார் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, பசிக்கிறது என்று தட்டைக் கேட்டார். ஏன் கண் எரிகிறது என்றும் கேட்டார்.

சாயங்காலம் கார் மேடேறியது. திருப்பத்தில் அவன் கிளட்சை முழுதாக மிதித்தான். கியர் சத்தமில்லாமல் இரண்டில் விழுந்தது. நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. வண்டியைப் பூட்டிவிட்டு, குனிந்து அடியில் பார்த்தான். ஒழுகல் இல்லை.

மாடியில் மாமனார் ஜன்னலோரம் இருந்தார். தட்டு மூடியிருந்தது. பெரியவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாட்டியபடியே நின்றாள்.

"யாரு?"

"நான்தான் மாமா."

"நீ மட்டும்தானா? சின்னவ வரலியா?"

அவன் பையைக் கீழே வைத்தான். முக்காலியை நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவர் தலைக்குப் பின்னால், சுவரில், முதலில் கையை வைத்தான். பிறகு சொன்னான்.